ரத்தான பயணம்: கொடுத்த முற்பணத்தை மீளப் பெறுவது எப்படி?

புத்தளம் கடைத்தெருவில் புடைவைக் கடை வைத்திருப்பவர் சென்னைக்கோ பாங்கொக்குக்கோ சரக்கெடுக்கப் போவதென்றால் டிக்கட்டுக்கும் ஹோட்டலுக்கும் முன்கூட்டியே பணம் கட்டுகிறார். உம்ராவுக்குப் போக நாடியவர் முகவரிடம் இரண்டு மூன்று தவணைகளில் முற்பணம் கொடுக்கிறார். அதே கடற்கரையில் கற்பிட்டி, கண்டக்குழி, ஆலங்குடா பக்கம் நாலைந்து அறைகளோடு கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவரும், டொல்பின் காட்டப் படகு விடுபவரும் பிறரிடமிருந்து முற்பணம் வாங்குகிறார்கள். ஆக, இந்தக் கரையில் முற்பணம் கொடுப்போரும் நாமே, வாங்குவோரும் நாமே. பயணம் நின்றுபோனால் அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்பதில் இரு பக்கமும் தெளிவில்லாமல் இருப்பதால்தான் மனஸ்தாபங்கள் வருகின்றன.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறவர் முதலில் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். பயணத்தை நிறுத்தியது யார்? நீங்களா, சேவை தருவதாகச் சொன்னவரா, அல்லது இருவர் கையிலும் இல்லாத ஒரு காரணமா? மூன்றுக்கும் மூன்று விதமான முடிவு. "நான் போகவில்லை, காசைத் தா" என்று மட்டும் கேட்பவருக்கும், "நீங்கள் விமானத்தை ரத்துச் செய்தீர்கள், ஆகவே காசைத் தாருங்கள்" என்று கேட்பவருக்கும் இடையில் பெரும்பாலும் முழுத்தொகை அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது.

2020ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வாண்டு பெப்ரவரி 27ஆம் திகதி சவூதி அரேபியா வெளிநாட்டு உம்ரா யாத்திரிகர்களுக்குக் கதவை மூடியது. மார்ச் 18ஆம் திகதி பின்னேரம், நாட்டின் மற்றப் பகுதிகளுக்கு முன்னரே, நமது புத்தளம் பகுதியிலும் கொச்சிக்கடையிலும் பொலிஸ் ஊரடங்கு போடப்பட்டது. மறுநாள் முதல் வெளிநாட்டு விமானங்கள் கட்டுநாயக்காவில் பயணிகளை இறக்குவது நின்றது. மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு. உல்லாசப் பிரயாணிகளுக்காக விமான நிலையம் மீண்டும் முறைப்படி திறக்கப்பட்டது 2021 ஜனவரி 21ஆம் திகதிதான். சீனாவின் குவாங்சோ நகரில் வருடம் இருமுறை நடக்கும் கன்டன் சந்தை 2020 வசந்த காலத்தில் இணையத்திலேயே நடந்தது. அங்கே ஹோட்டல் பதிந்து வைத்திருந்தவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் பணம் எங்கே நின்றது என்பதைப் பார்த்தால் பாடம் விளங்கும். உம்ராவுக்குக் கட்டிய பணம் ஒருவர் பையில் இருப்பதில்லை. ஊரில் பெயர் பதிந்த உப முகவரிடமிருந்து அது கொழும்பு முகவருக்குப் போகும். அவர் ஒரு பகுதியை விமானக் கம்பனிக்கும், ஒரு பகுதியை மக்கா, மதீனா ஹோட்டல்களுக்கும், ஒரு பகுதியை விசாவுக்கும் அனுப்புவார். திரும்பி வரும்போது அதே சங்கிலி வழியாகத்தான் வர வேண்டும். ஒரு கண்ணி இறுகினாலும் காசு நிற்கும். பறக்காத டிக்கட்டுகளுக்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை உலகம் முழுவதும் 35 பில்லியன் டொலர் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான 'அயாட்டா' 2020 ஏப்ரலில் கணக்குச் சொன்னது. கம்பனிகளிடம் அவ்வளவு ரொக்கம் இல்லை. ஆகவே காசுக்குப் பதிலாக 'வவுச்சர்' நீட்டின.

வவுச்சரை வாங்கியவர்களும், "பிறகு பார்ப்போம்" என்று முகவரிடமே பணத்தை விட்டவர்களும் கவனிக்காத ஒரு விடயம் நாணய மதிப்பு. 2020 தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 182 ரூபா. அன்று கட்டிய 2 இலட்சம் ரூபா கிட்டத்தட்ட 1,100 டொலருக்குச் சமம். 2022 மார்ச்சில் ரூபா சரிந்து மே மாதத்தில் டொலர் 360 ரூபாவைத் தொட்டது. அந்த நேரத்தில் அதே 2 இலட்சத்தைத் திரும்ப வாங்கியவர் கையில் இருந்தது சுமார் 555 டொலர். ஒரு ரூபாவும் குறையாமல் கொடுத்துவிட்டேன் என்று முகவர் சொன்னது உண்மை. பாதிப் பணம் போய்விட்டது என்று வாடிக்கையாளர் சொன்னதும் உண்மை. மீளப் பெறுவதில் தாமதம் எவ்வளவு பெரிய நட்டம் என்பதற்கு இதைவிட வேறு கணக்குத் தேவையில்லை.

இனிச் சட்டம் என்ன சொல்கிறது? நமது நாட்டின் ஒப்பந்தச் சட்டத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். இரு தரப்பிலும் தவறில்லாமல் ஒரு காரியம் செய்யவே முடியாததாகிப் போனால், கடமை இரு பக்கமும் நீங்கும்; கிடைக்காத சேவைக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்பது அதன் பொது நிலை. ஆனால் ஒப்பந்தத்தில் இது பற்றி வேறு வாசகம் எழுதி ஒப்பமிட்டிருந்தால் அந்த வாசகம்தான் முதலில் பார்க்கப்படும். பற்றுச்சீட்டின் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளை வாசிக்கச் சொல்வது இதனால்தான்.

"செய்யவே முடியாதது" என்பதற்கும் "செய்ய மனமில்லாதது" என்பதற்கும் இடையிலான கோட்டை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் இரண்டு பழைய வழக்குகள் உதவும். அவை இங்கே கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனால் நம் படகுக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். 1902 ஜூனில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழா ஊர்வலத்தைப் பார்ப்பதற்காக ஒருவர் லண்டன் பால்மால் தெருவில் 75 பவுணுக்கு அறைகளை வாடகைக்குப் பேசி, 25 பவுண் முற்பணம் கொடுத்தார். மன்னர் நோயுற்றார், ஊர்வலம் நின்றது. மிகுதி 50 பவுணைக் கொடுக்கத் தேவையில்லை என்று 1903இல் நீதிமன்றம் தீர்த்தது. அந்த அறையின் பெறுமதியே ஊர்வலம்தானே! அதே விழாவையொட்டிக் கடற்படை அணிவகுப்பைக் காட்ட இன்னொருவர் 250 பவுணுக்கு ஒரு நீராவிப் படகைப் பேசி 50 பவுண் கட்டியிருந்தார். அணிவகுப்பு ரத்து. ஆனால் கப்பல்கள் கடலிலேயே நின்றன. படகும் ஓடத் தயாராக இருந்தது. பார்க்கப் போயிருக்கலாம். ஆகவே மிகுதிப் பணத்துக்கு அவர் பொறுப்பு என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இந்த அளவுகோலை நம் கரையில் வைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு. கற்பிட்டிக்கு எவரும் வர முடியாது, ஹோட்டல்காரர் திறக்கவும் முடியாது. இது முதல் வழக்கின் பக்கம். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின் நடந்தது வேறு. அந்த மே மாதத்தில் நாட்டுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் 37,802 பேர். முந்திய ஆண்டு மே மாதத்தைவிட 70 சதவீதத்துக்கு மேல் வீழ்ச்சி. ஆனால் விமானங்கள் இறங்கின, ஹோட்டல்கள் திறந்திருந்தன. வெளிநாட்டுப் பயணி அச்சத்தால் வரவில்லை. சட்டப்படி அது இரண்டாவது வழக்கின் பக்கம் சாயும். அப்படியிருந்தும் பலர் முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் அல்லது அடுத்த பருவத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அது கடமையாலல்ல, வியாபாரக் கணக்கால். எது கடமை, எது சலுகை என்று தெரிந்து கொடுப்பதற்கும் பயந்துபோய்க் கொடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

விமான டிக்கட்டுக்கு வருவோம். இங்கேதான் நம்மவர்கள் அதிகம் இழக்கிறார்கள். பிரச்சினை ஒன்று வருமென்று கேள்விப்பட்டவுடன் முகவருக்குப் போன் எடுத்து "டிக்கட்டை கென்சல் பண்ணுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த நிமிடமே ரத்துச் செய்தவர் நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். டிக்கட் விதிப்படி அபராதம் கழியும், மலிவு டிக்கட்டென்றால் கட்டணம் முழுவதும் போகும். கம்பனியே விமானத்தை ரத்துச் செய்யும் வரை பொறுத்திருந்தால் முழுத்தொகை கேட்கும் உரிமை பொதுவாக உங்களுக்கு வரும். அதற்காக விமானம் பறந்து முடியும் வரை சும்மா இருக்கவும் கூடாது. விமானம் புறப்படப்போவது உறுதி, உங்களுக்குத்தான் போக முடியாது என்றால், புறப்படும் நேரத்துக்கு முன் எழுத்தில் ரத்துச் செய்யுங்கள். வராமல் விட்டவருக்குரிய அபராதம் அதைவிடக் கடுமை.

திருப்பித் தராத டிக்கட் என்று எழுதியிருந்தாலும் எல்லாமே போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். டிக்கட் விலைக்குள் விமான நிலைய வரிகள், புறப்பாட்டு வரி முதலியவை அடங்கியிருக்கின்றன. நீங்கள் பறக்காவிட்டால் அந்த வரிகளைக் கேட்டுப் பெறுவது வழக்கம். எரிபொருள் மேலதிகக் கட்டணம் அப்படியல்ல. அதைப் பெரும்பாலும் கம்பனி வைத்துக்கொள்ளும். கேளாதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை.

எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதும் முக்கியம். வென்னப்புவ, சிலாபம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இத்தாலியில் உறவினர் அதிகம். மிலானிலிருந்தோ ரோமிலிருந்தோ புறப்படும் விமானத்தைக் கம்பனி ரத்துச் செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் இலக்க விதி பொருந்தும். 2005 முதல் நடைமுறையில் உள்ள அந்த விதிப்படி பயணி கேட்டால் ஏழு நாட்களில் பணம் தர வேண்டும். பயணியின் ஒப்பமுள்ள சம்மதமின்றி வவுச்சரைத் திணிக்க முடியாது. இந்தியக் கம்பனிகளுக்கு அந்நாட்டு சிவில் விமானப் போக்குவரத்துப் பணிப்பகத்தின் விதி உண்டு. முகவர் ஊடாக வாங்கிய டிக்கட்டுக்கும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமானக் கம்பனிக்கே என்று அது சொல்கிறது. கொவிட் காலத்து டிக்கட்டுகள் பற்றி இந்திய உயர் நீதிமன்றம் 2020 ஒக்டோபர் 1ஆம் திகதி ஒரு தீர்ப்பு வழங்கியது. முடக்க காலத்தில் பறக்கவென அதே முடக்க காலத்தில் பதிந்த டிக்கட்டுகளுக்கு முழுப் பணத்தையும் திருப்ப வேண்டும். ஏனையவற்றில் பணமில்லாத கம்பனி கடன் கணக்காக வைத்துக்கொண்டால் அதற்கு மாதாந்தம் முதலில் 0.5 சதவீதமும், 2020 ஜூன் மாதத்துக்குப் பின் 0.75 சதவீதமும் கூட்டுத்தொகை சேர்க்க வேண்டும் என்றது. 2025 டிசம்பரில் இன்டிகோ விமானங்கள் பெருமளவில் ரத்தானபோது, நிலுவைப் பணத்தை டிசம்பர் 7ஆம் திகதி இரவு எட்டு மணிக்குள் திருப்பி முடிக்க வேண்டுமென இந்திய அரசு உத்தரவிட்டது. சென்னைக்குப் போய் வருவோர் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. முகவர் "கம்பனி தரவில்லை" என்றால், கம்பனிக்கே நேரடியாக டிக்கட் இலக்கத்தோடு எழுதலாம். 13 இலக்கங்கள் கொண்ட அந்த எண் உங்கள் டிக்கட் தாளில் இருக்கிறது. பணத்தைக் கம்பனி ஏற்கெனவே முகவரின் கணக்குக்கு அனுப்பிவிட்டதா இல்லையா என்பது அந்த எண்ணைக் கொண்டு கேட்டால்தான் தெரியவரும்.

கம்பனியே மூடப்பட்டால்? இந்தியாவின் ஜெட் எயார்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் திகதி பறப்பதை நிறுத்தியது. பல ஆண்டுகள் இழுபட்டு, 2024 நவம்பரில் அதைக் கலைத்துவிட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. டிக்கட் வாங்கியவர்கள் கடன்காரர் வரிசையில் வங்கிகளுக்கெல்லாம் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. இப்படியான நேரத்தில் தப்பக்கூடியவர்கள் கடனட்டையால் கட்டியவர்கள். விசா, மாஸ்டர்கார்ட் விதிகளில், பணம் கட்டியும் சேவை கிடைக்கவில்லையென்றால் உங்கள் வங்கி ஊடாக அந்தக் கொடுப்பனவை மறுத்து மீளக் கோரும் வழி இருக்கிறது. பொதுவாகச் சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து 120 நாட்கள் அவகாசம். வங்கி தன் பக்கத்து வேலைக்காக உங்களிடம் முன்கூட்டியே கேட்கும். ஆகவே முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நீங்களாக ரத்துச் செய்த, திருப்பித் தராத டிக்கட்டுக்கு இந்த வழி பலிக்காது. வங்கி தட்டிக் கழித்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு முறையிடலாம். நிதியியல் ஒம்புட்ஸ்மனும் இருக்கிறார்.

நம் ஊர்ப் பழக்கம் கையில் ரொக்கமாகக் கொடுப்பது. தெரிந்த மனிதர், பள்ளியில் பக்கத்தில் தொழுபவர், எப்படிப் பற்றுச்சீட்டுக் கேட்பது என்ற வெட்கம். வெட்கப்பட வேண்டியதில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி குர்ஆனே கட்டளையிட்டிருக்கும்போது முற்பணத்தை எழுதிக் கேட்பதில் என்ன சங்கடம்? டிக்கட் விற்பவருக்கு சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் அனுமதிப்பத்திரமும், பிரயாண முகவருக்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் பதிவும் இருக்க வேண்டும். ஹஜ் பயணமென்றால் முஸ்லிம் சமய, பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் அங்கீகாரம் பெற்ற முகவரா என்று பாருங்கள். ஊரிலுள்ள உப முகவரிடம் கட்டினாலும் பற்றுச்சீட்டு கொழும்பு முகவரின் பெயரில் இருக்கட்டும். முடிந்தால் கொழும்பு முகவரின் வங்கிக் கணக்குக்கே நேரே வைப்புச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்தும் பணம் வரவில்லையென்றால் அடுத்த வேலை ஒரு கடிதம். போனில் பத்து முறை ஏசுவதைவிட பதிவுத் தபாலில் ஒரு கடிதம் பலமானது. நீளமாக எழுதத் தேவையில்லை. "இன்ன திகதியில், இன்ன பற்றுச்சீட்டின்படி, இன்ன பயணத்துக்காக உங்களிடம் இவ்வளவு ரூபா செலுத்தினேன். மேற்படி விமானம் இன்ன திகதியில் கம்பனியால் ரத்துச் செய்யப்பட்டது. ஆகவே முழுத்தொகையையும் இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எனது கணக்குக்கு அனுப்பவும். ஏதேனும் கழிப்பதாயின் எதற்காக, எந்த நிபந்தனையின்படி என்று எழுத்தில் தரவும்." கடைசி வாக்கியம் முக்கியமானது. எதற்காகக் கழித்தோமென்று எழுத்தில் தரச் சொன்னவுடன், கழிக்கும் தொகை தானாகக் குறைவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. தொலைபேசி 1977. எழுத்துமூல முறைப்பாட்டுக்கு மூன்று மாத வரம்பு இருப்பதால் தாமதம் வேண்டாம். அதற்கும் மேலே, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஊர்தோறும் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. நம்மவர்கள் இதைக் காணிச் சண்டைக்கும் வேலிச் சண்டைக்கும் மட்டும் உரியதென்று நினைக்கிறார்கள். பணப் பிணக்குகளையும் அது பார்க்கிறது. சட்டத்தரணி தேவையில்லை, செலவும் இல்லையென்றே சொல்லலாம். குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்கானால் சபையின் இணக்கமின்மைச் சான்றிதழ் இல்லாமல் வழக்குப் போடவும் இயலாது. வழக்கென்று வந்தால் காலவரையறைச் சட்டம் குறுக்கே நிற்கும்: எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, வாய்ப்பேச்சுக்கு 3 ஆண்டு. ஒரு துண்டுப் பற்றுச்சீட்டின் விலை மூன்று ஆண்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொவிட் காலத்து முற்பணத்தை இன்னும் வாங்காதவர்கள் திகதியைப் பார்த்துவிட்டு உடனே ஒரு சட்டத்தரணியிடம் போவது நல்லது.

கடைசியாக, முற்பணம் வாங்கும் பக்கத்தில் இருக்கும் கற்பிட்டி நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். காற்றாடிச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் மே முதல் ஒக்டோபர் வரையும், டொல்பின் பார்க்க வருவோர் நவம்பர் முதல் ஏப்ரல் வரையும் வருகிறார்கள். ஒரு பருவத்தில் கைவிட்டுப் போன அறை அந்தப் பருவத்தில் திரும்ப நிரம்பாது. எனவே முற்பணத்தை வைத்துக்கொள்ள விரும்புவது நியாயம்தான். ஆனால் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் புக்கிங் டொட் கொம் தளம், தடுக்க முடியாத நிகழ்வு என்று அறிவித்து, விருந்தினரின் முற்பணத்தைத் திருப்பும்படி ஹோட்டல்காரரிடம் கேட்டது. தளத்தில் சேரும்போது ஏற்றுக்கொண்ட நிபந்தனையில் அது இருந்தது. வாசிக்காமல் 'சரி' அழுத்தியவர்கள் அன்றுதான் வாசித்தார்கள்.

மார்க்க ரீதியாகவும் இதில் ஒரு பேச்சு இருக்கிறது. வாங்குபவர் பின்வாங்கினால் முற்பணம் விற்பவருக்கே என்ற 'உர்பூன்' முறையை ஷாபிஈ மத்ஹப் உட்பட பெரும்பான்மை மத்ஹபுகள் ஏற்பதில்லை. ஹன்பலி மத்ஹப் ஏற்கிறது. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, காலக்கெடு குறிக்கப்பட்டிருந்தால் அது ஆகுமென்று தீர்மானித்தது. உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். எந்தக் கருத்தை எடுத்தாலும் காலக்கெடு குறிப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பற்றுச்சீட்டில் அச்சிட நான்கு வரி போதும். வரும் திகதிக்கு 14 நாட்களுக்கு முன் அறிவித்தால் முழு முற்பணமும் திரும்பும். அதன் பிறகு அறிவித்தால் ஓர் இரவு வாடகை கழியும். கடல் கொந்தளிப்பாலோ அரசாங்க உத்தரவாலோ நாங்கள் படகு விட முடியாவிட்டால் படகுக் கட்டணம் முழுவதும் திரும்பும். டொலரில் வாங்கியதை டொலரிலேயே, அல்லது திருப்பும் நாளின் வங்கி விலையில் ரூபாவாகத் தருவோம். நாட்களின் எண்ணிக்கையை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அடித்து, முற்பணம் வாங்கும்போதே வட்ஸ்அப்பில் அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.